உன் அம்மாவின் வயிற்றில் வளர்ந்தது

கண்ணு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஈஸ்வரியின் கழுத்தில் இருக்கிற கட்டியைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீ மூன்று வரியில் பதில் போட்டிருக்கிறாய். "வலி இல்லை என்றுதானே அவளே சொல்கிறாள். இங்கே அடுத்தடுத்துப் போர்க்கிணறு போட ஆர்டர் இருக்கிறது. மழை பிடித்து வண்டி ஊருக்குத் திரும்பும்போது காட்டிக்கொள்ளலாம்." அவளோடு கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது உனக்கு. வண்டியை விட்டு வர முடியாத உன் கஷ்டம் எனக்குத் தெரியாததா? நானும் அதே வேலையில் தேய்ந்தவன்தான். ஆனால் அந்த மூன்று வரியைப் படித்ததும், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உன் அம்மாவுக்கு எழுதிய கார்டை யாரோ எடுத்துத் திரும்ப என் கையில் கொடுத்ததுபோல இருந்தது.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டோம். நேற்று காலை முதல் பஸ்ஸில் நானும் உன் அம்மாவும் ஈஸ்வரியைச் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, விழுங்கச் சொல்லிப் பார்த்து, அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, ஒரு துண்டு சதை எடுத்து மருந்துப் புட்டியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பது அன்றைக்குத்தான் தெரியும். நாளைக்குக் காலையில் கந்தசாமி உங்கள் வண்டிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு லாரியில் நாக்பூர் கிளம்புகிறான். தபாலை நம்பாமல் இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். ஒரே மூச்சில் படி. நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போகாதே.

உன் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அப்போது நீ ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது அவள் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். இத்தனை வருஷம் காப்பாற்றினேன். இன்று மத்தியானம் அவளிடமே போய்க் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "எழுதுங்க. உங்களாட்டவே அவனும் இருந்துறக் கூடாதுங்க." அதனால் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. திருச்செங்கோட்டுப் பக்கம் போர் வண்டிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் ஒரு வண்டியில் டிரில்லராகச் சேர்ந்து ராய்ச்சூர், கர்நூல் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து போனவன், அடுத்த நோம்பிக்குத்தான் வந்தேன். சரியாக ஒரு வருஷம். இடையில் உன் அம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. நம் தெருவில் மாவு மில் வைத்திருந்தாரே பழனிச்சாமி, அவரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தாள். வயிறு உப்பிக்கொண்டே வருகிறது, சாப்பிட முடியவில்லை, ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று இருந்தது. கஷாயம் வைத்துக் குடி, நோம்பிக்கு வருகிறேன், பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் எழுதினேன். அந்தக் கார்டைத்தான் மேலே சொன்னேன்.

நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால் மல்லசமுத்திரத்தில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா தண்ணீர்க் குடத்தோடு எதிரில் வந்தாள். கையும் கழுத்தும் குச்சியாக இளைத்திருந்தன. வயிறு மட்டும் ஏழு மாதக்காரியின் வயிறுபோல முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. என் கண் அந்த இளைத்த கழுத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணு. வயிற்றை மட்டும் பார்த்தது. வாசலில் நின்ற இடத்திலேயே மாதத்தை எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் எனக்கு அதில் பங்கில்லை. அவள் எழுதிய கார்டு ஞாபகம் வந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கோ அந்தக் கார்டில் இருந்த ஆண் பிள்ளைக் கையெழுத்துதான் கண் முன்னால் நின்றது.

உன் அத்தை, என் அக்கா, பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டன். ஊரே சிரிக்குது. கேட்டா மாசா மாசம் தூரமாயித் தலைக்கு ஊத்தறேங்கறா. நம்பறதா வேண்டாமான்னு நீயே பாத்துக்க" என்றாள். நான் நேராக உள்ளே போய் உன் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். "யாருது?" என்றேன். அவள் அழவில்லை. "உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் மறுத்துச் சத்தியம் செய்திருந்தால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

பதினோரு நாள். அக்கா வீட்டில் சோறு, தோட்டத்துச் சாளைக் குடிசையில் படுக்கை. உன் அம்மாவோடு ஒரு பேச்சு இல்லை. நோம்பிக்கு அவள் மாவிளக்கு எடுக்கவில்லை. எடுக்க முடியாமல்தான் எடுக்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அதையும் குற்றமுள்ள மனசு என்று எடுத்துக்கொண்டேன். தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு ஆண் முகத்திலும் எதையோ தேடினேன். பன்னிரண்டாவது நாள் காலையில் வண்டிச் சாமான் மூட்டையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு மாவு மில்லுக்குக் கிளம்பினேன். அடிக்கத்தான் போனேன். இதை அலங்காரம் செய்து சொல்ல எனக்கு வழியில்லை.

மில்லில் கூட்டம் இல்லை. பழனிச்சாமி பெல்ட்டை நிறுத்திவிட்டு, முடியெல்லாம் மாவோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "வாங்க மாமா, வந்துட்டீங்களா! நல்ல வேளை. அக்காளை ஆஸ்பத்திரிக்குக் காட்டுனீங்களா?" என்றார். நான் துண்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். "என்னங்க இப்பிடி நிக்கறீங்க? போன மாசம் ஒரு படி கேவுரு அரைக்க வந்துச்சு. பாதி வழியில மூச்சு வாங்கி உக்காந்துக்கிச்சு. நானும் எங்க ஊட்டுக்காரியுந்தான் தூக்கி உட்டோம். கார்டு பத்தாதுன்னு ஒரு தந்தி குடுத்தரலாம்னேன். அவரு வேலையில இருப்பாரு, பயந்துக்குவாருன்னு அக்காதான் வேண்டாம்னுருச்சு. அது புள்ளை வயிறு இல்லீங்க மாமா. எங்க ஊட்டுக்காரி நாலு பெத்தவ, அவ பாத்ததுமே சொன்னா." துண்டுக்குள் இருந்த இரும்பு என் கையில் கனத்தது. திரும்பி நடந்தேன். யாரை அடிக்கப் போனேனோ அந்த மனுஷன்தான் என் மனைவிக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்குச் சொன்னவர்.

அன்றைக்கே சேலத்துக்குப் போனோம். பஸ்ஸில் அவளால் சாய்ந்து உட்காரக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். "இது குழந்தை இல்லை. சூல்பையில வந்திருக்கிற கட்டி. எத்தனை மாசமா இப்படி இருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம் முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. குழந்தை இல்லை என்ற நிம்மதி. கட்டி என்ற சொல் அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது. நான் சொல்வதிலேயே கேவலமானது இதுதான்.

"கட்டின்னா புத்துநோய்ங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். "கட்டியில ரெண்டு வகை இருக்கு. ஒரு வகை தனக்குன்னு ஒரு உறைக்குள்ளயே வளரும். பெரிசாகப் பெரிசாகப் பக்கத்துல இருக்கறதைத் தள்ளும், நசுக்கும். ஆனா அதுக்குள்ள புகாது. முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சது. இன்னொரு வகை பக்கத்துச் சதைக்குள்ள ஊடுருவிப் போகும். அதுலேர்ந்து துணுக்கு பிரிஞ்சு ரத்தத்துல கலந்து, ஈரலுக்கோ நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய் அங்க புதுசா வளரும். அதைத்தான் புத்துநோய்னு சொல்றோம்."

"இது இவ்வளவு பெரிசா இருக்குதுங்களே. அப்பக் கெட்டதுதானுங்களே?"

"பெரிசா இருக்கறதுக்கும் கெட்டதா இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்லை. வலிக்குதா வலிக்கலையாங்கறதும் கணக்கு இல்லை. கையால தொட்டுப் பார்த்து சந்தேகப்படலாம், அவ்வளவுதான். சதையை எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்தாதான் உறுதியாத் தெரியும். நல்ல வகையாவே இருந்தாலும் இதை விட்டுவைக்க முடியாது. இப்பவே மூச்சை அமுக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நல்ல கட்டியே ஆளைக் கொன்னிருக்கும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "ஏனுங்க, கெட்டதா இருந்தா எம்பையனை ஹாஸ்டல்லயே உட்றாதீங்க. அப்பறம் நீங்க எங்கிட்டக் கேட்டீங்களே ஒரு வார்த்தை, அதை அவனுக்கு எந்தக் காலத்துலயும் சொல்லிறாதீங்க. அம்மாளை ஒருத்தர் அப்பிடிக் கேட்டாங்கன்னு அவன் மனசுல இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். மூன்று மணி நேரம் கழித்து ஆயா ஒருவர் என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப்போய், பெரிய எனாமல் பேசினை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். ஒரு குடத்தளவு இருந்தது அது. வெள்ளையாக, வழவழவென்று, மேலே நீல நரம்போடியிருந்தது. இதற்குத்தான் நான் பதினோரு நாளாக ஊரெல்லாம் ஓர் ஆண் முகத்தைத் தேடியிருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள். அந்தப் பத்து நாளில்தான் சரோஜா எங்களுக்குப் பழக்கமானாள். அடுத்த கட்டில். அம்மாபேட்டையில் தறி போடுகிற குடும்பம். முப்பது வயசுகூட இருக்காது. மார்பில் ஓர் அவரைக்கொட்டை அளவுக் கட்டி. அதை எடுத்துவிட்டு அவளும் முடிவுக்காகக் காத்திருந்தாள். வார்டில் அவளைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது. எழுந்து நடந்து நாலு பேருக்குத் தண்ணீர் மொண்டு தருவாள், உன் அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். நான் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம், "அக்காளுக்குத்தாங்க பாவம், எத்தாப் பெரிய கட்டி! என்னுது வெறும் கொட்டைங்க. ஒரு வருஷமா இருக்குது, ஒரு நாள் ஒரு பொழுது வலிச்சதில்லை. தறியில உக்கார்ற வேலையில இதை யாரு பாக்கறது?" என்று சிரிப்பாள். நானும் பெரிய மனுஷன்போல, "உங்களுக்கு ஒண்ணும் இருக்காதுங்க அம்மணி, தைரியமா இருங்க" என்பேன். டாக்டர் அத்தனை தெளிவாகச் சொல்லியும், பெரியதைப் பார்த்துப் பயந்து சின்னதைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் காலையில் முடிவு வந்துவிட்டது, டாக்டர் ரவுண்டு வரும்போது சொல்வார் என்று நர்ஸ் சொன்னார். இரண்டு பேருடையதும் ஒன்றாக வந்திருந்தது. "டீ குடிச்சுட்டு வாரேன்" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன். டீக்கடையில் நிற்கவில்லை. கால் போன போக்கில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நாமக்கல் பஸ், கரூர் பஸ், ஆத்தூர் பஸ் என்று வருவதும் போவதுமாக இருந்தது. ஏதாவது ஒன்றில் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பாறையில் துளை போடும் பிட்டு உடைந்தால் பயப்படாதவன், ஒரு காகிதத்துக்குப் பயந்துபோய் வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே கிடந்தேன்.

திரும்பி வார்டுக்குள் நுழைந்தபோது உன் அம்மா அவள் கட்டிலில் இல்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரோஜாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். கெட்டதுதான், முடிந்தது என்று நினைத்தேன். "ஏம்புள்ள..." என்றேன். அவள் நிமிர்ந்தாள். "நம்முளுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்ல கட்டிதானாம். இவளுக்குத்தாங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் ஏறுவதற்குள் நான், "அப்பாடா! மாரியாத்தா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சரோஜா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "அக்காளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா. நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் நான் யார் முன்னாலும் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு உன் அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டர் வந்தபோது அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றிருக்கிறாள். டாக்டர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்த கட்டில்களைப் பார்க்க வேண்டுமே என்று சொல்லிவிட்டார். நல்ல செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த நிமிஷம் சரோஜாவுக்குச் சொன்னார்கள். தறியை விட்டு வர முடியாமல் அவள் வீட்டுக்காரரும் அன்று வரவில்லை. ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்து அந்த இரண்டு காகிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

சரோஜாவுக்கு அக்குளில் நெறி கட்டியிருந்தது, நோய் அதற்குள் கொட்டையைத் தாண்டிப் போயிருந்தது. மார்பை எடுத்தார்கள், மெட்ராஸ் போய்க் கரண்ட் என்கிற கதிர் வைத்தியம் செய்துகொண்டு வந்தாள். உன் அம்மா மாதம் ஒரு நடை அம்மாபேட்டை போய் அவளைப் பார்த்துவிட்டு வருவாள். சில தடவை நானும் போயிருக்கிறேன். கடைசியாகப் போனபோது நோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டிருந்தது, எழுந்து உட்கார முடியவில்லை. "வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பனுங்கண்ணா. வலிக்காமயே ஏமாத்திப்போட்டுது" என்றாள். ஆபரேஷனான மூன்றாவது வருஷம் போய்விட்டாள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நேற்று ஈஸ்வரியைப் பார்த்த டாக்டரிடம் இதைச் சொன்னேன். கழுத்துக் கட்டிகளில் நல்ல வகைதான் அதிகம், கெட்டதாகவே இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் காட்டினால் வைத்தியத்துக்கு இடம் இருக்கிறது, தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் வழி குறுகிப்போகும் என்றார். எது என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. வலியில்லை என்று நீ எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து உனக்கும் தெரியாது.

உன் அம்மா என்னை மன்னித்தாளா என்று நீ கேட்கலாம். மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றிலிருந்து வெளியூர் வண்டிக்கு நான் போகவில்லை. உள்ளூரிலேயே கிணற்றுப் பாறை உடைக்கிற கம்ப்ரஸர் ஓட்டிக் காலத்தைத் தள்ளிவிட்டேன். பழனிச்சாமி சாகும்வரை நான் எதற்காக மில்லுக்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். நானே சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

நீ என்னைப்போலச் சந்தேகப்படுகிறவன் இல்லை. ஆனால் வேலையைக் காட்டி விலகி நிற்பது உன்னிடமும் இருக்கிறது. அது என்னிடமிருந்து வந்ததுதான். வண்டி முதலாளியிடம் இன்று காலையில் நானே போய்ப் பேசிவிட்டேன். மாற்று டிரில்லர் கந்தசாமியோடே வருகிறான். வண்டியை அவனிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறு. வெள்ளிக்கிழமை காலை டாக்டர் உள்ளே கூப்பிடும்போது அவள் பக்கத்து நாற்காலியில் நீ இருக்க வேண்டும். நல்ல சேதியாக இருந்தால் வெளியே வரும்வரை சத்தம் போடாதே. அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கெட்ட சேதியாக இருந்தால் எழுந்திருக்காதே. அவள் எழுந்த பிறகு எழு.

நேற்று கழுத்தில் கட்டோடு பஸ்ஸில் வரும்போது ஈஸ்வரி வழி நெடுக ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். ஆட்டையாம்பட்டி தாண்டியதும் திரும்பி, "வெள்ளிக்கிழமைக்கு அவரு வந்துருவாருங்களா மாமா?" என்று கேட்டாள். உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா